பதில் மட்டும் அச்சான பக்கம்

ஜேர்மனியின் பான் நகரில் ஆராய்ச்சி செய்யும் சென்னைப் பெண் நித்யா, போன கிழமை சாப்பிட வந்தவள், மடிக்கணினியில் ஒரு பக்கத்தைக் காட்டினாள். விக்டோரியா மகாராணி காலத்துப் பெண்கள் பத்திரிகை ஒன்றில் வாசகியர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பக்கம்.

"பாருங்க அக்கா, வெறும் பதில்தான் இருக்கு. கேள்வியே போடல. ஸ்பேஸ் மிச்சம் பண்றாங்களோ?"

இடம் மிச்சமாம். படித்த பிள்ளை, பாவம். கேள்வியையும் போட்டால் கேட்டது யார் என்று வீட்டுக்காரர் மோப்பம் பிடித்துவிடுவாரே. வாக்குரிமை கேட்டுக் கூட்டம் போட்ட அந்தப் பெண்களுக்கும் வீட்டில் ஒருவர் இருந்திருப்பார்தானே.

ஒரு காலத்தில் ஹம்பேர்க்கில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் நான் காசு வாங்கும் வேலையில் இருந்தேன். ரதி அக்கா நடத்திய பெண்கள் சஞ்சிகை, போட்டோப் பிரதி எடுத்த சூடு ஆறுமுன் கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து இறங்கும். எங்கள் பெண் விடுதலைக்குக் கருவாட்டு மணம்.

ஓர் இதழின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு பதில்: "கணவரை விட்டுத் தனியே போனால் உடனே நாட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். நல்ல வக்கீல் ஒருவர் இருக்கிறார். விலாசம் கடைப் பெண்ணிடம்."

மறுநாளே ஒருவர் வந்தார். "உண்மையைச் சொல்லும் தங்கச்சி, என்ரை மனுசியோ கேட்டவ?"

"எனக்குத் தெரியாது அண்ணை."

பிறகு இன்னொருவர். அதன்பின் மூன்றாமவர், அரிசி வாங்குகிற சாட்டில். எனக்கும் சந்தேகம் பிறந்தது. அவர்களின் மனைவிமார் வந்தால் முகத்தை முகத்தைப் பார்ப்பேன். அவர்கள் சாமானை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ரதி அக்காவின் கணவர்தான் சஞ்சிகைக் கட்டைச் சுமந்து வருபவர். அவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "மற்றவையின்ரை வீட்டுப் பிரச்சினை எங்களுக்கென்னத்துக்கு?" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் ரதி அக்கா அவரை விட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி ரதி அக்காவுடையதேதான். அத்தோடு சஞ்சிகையும் நின்றது. அந்த மனைவிமாரை வீணாகச் சந்தேகித்தேனே என்று வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கம் கொஞ்ச நாள்தான். அந்த மூன்று பெண்களும் வெவ்வேறு நாளில் வந்து, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். "அந்த விலாசம் இன்னும் இருக்கோ, பிள்ளை?"

இப்போது எங்கள் பெண்களுக்கு வாட்ஸப் குழு இருக்கிறது. பெயரும் படமும் போட்டுக் கேட்கிறார்கள்: பிள்ளையின் பள்ளிக்கூடம், புடவை, பொங்கலுக்கு மண்டபம். அந்தக் கேள்வியை மட்டும் ஒருத்தியும் கேட்பதில்லை. எல்லா வீட்டிலும் சுகம்தான் என்று நம்ப என்னால் முடியவில்லை.