நாங்கள் குடிக்காத தேத்தண்ணி

தேநீர் வேண்டுமா என்று என்னால் பதினொரு மொழிகளில் கேட்க முடியும். இது படித்து வந்ததல்ல, தள்ளி வந்தது. கியூபெக்கில் கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் சாப்பாட்டு வண்டி தள்ளினேன். ஒவ்வொரு அறையிலும் ஒரு நாடு படுத்திருக்கும். "தே? கஃபே?" என்று பிரெஞ்சில் கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். ஆகவே அவரவர் பாஷையில் அந்த ஒரு சொல்லையாவது பொறுக்கி வைத்துக்கொண்டேன்.

பிலிப்பீன்காரருக்கு அது 'ச்சா'. போர்த்துக்கேயருக்கு 'ஷா'. ஈரானியருக்கு 'சாய்', அரபுக்காரருக்கு 'ஷாய்', மொரோக்கோக்காரருக்கு மட்டும் 'அத்தாய்'. ஹெயிட்டிக்காரருக்கு 'தே'தான், ஆனால் கொஞ்சம் விசாரித்துக் கொடுக்கவேண்டும். அவர்களுக்கு இஞ்சி அவித்தாலும் தே, எலுமிச்சம் இலை அவித்தாலும் தே. போலந்துக் கிழவர் ஒருவர் 'ஹெர்பாத்தா' வேண்டும் என்றார். மருந்து கேட்கிறாராக்கும் என்று தாதியைக் கூப்பிட்டுவிட்டேன். லத்தீனில் தே மூலிகை என்று இரண்டு சொல்லாக இருந்தது ஒன்றாக ஒட்டி அப்படியாகிவிட்டதாம். தாதி எனக்கு விளக்கி முடிப்பதற்குள் அவருடைய ஹெர்பாத்தா ஆறிப்போனது.

சமையலறையில் என்னோடு வேலை செய்த சீனத்தி புரோசார்ட் என்ற புறநகரிலிருந்து வருவாள். அவள் பிறந்தது ஒரு துறைமுகப் பட்டினம். தங்கள் ஊரில் அதற்கு 'தே' என்று பெயர், சீனாவின் மற்றப் பக்கமெல்லாம் 'ச்சா' என்று சொன்னாள். அவள் ஊரில் கப்பல் கட்டி ஏற்றியவர்கள் தே என்று கொண்டுபோனார்கள். ஒட்டகத்தில் ஏற்றித் தரைவழி போனவர்கள் சா என்று கொண்டுபோனார்கள். போர்த்துக்கேயன் கப்பலில்தான் போனான், ஆனால் வேறு துறையில் நின்றான். அதனால் அவன் வாயில் ஷா. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துக்கொண்டது. எந்தக் கப்பல் எங்கே நின்றது என்பதை நோயாளி வாயைத் திறந்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். டாக்டர்மாருக்குக்கூட அந்த வசதி கிடையாது.

இதை வீட்டில் வந்து சொன்னதுதான் பிழை. என் கணவர் சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவர். உலகத்தில் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதன் பிறப்புச் சான்றிதழை யாழ்ப்பாணத்தில் எடுத்துக் கொடுப்பார்.

"தே எண்டது சீனச் சொல்லோ? ஆர் உமக்குச் சொன்னது? தேய்க்கிறது, தேய்த்த இலை, தேயிலை. சீனன் எங்களிட்டைக் கேட்டு வாங்கினவன்."

"அப்ப ஏன் எங்கடை ஆக்கள் சும்மா தே எண்டு சொல்லாமல் தேத்தண்ணி எண்டு சொல்லுகினம்?" என்று கேட்டேன். வேறு எவரும் தே தண்ணீரில்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்து குடிப்பதில்லை.

"அது எங்கடை தெளிவு," என்றார்.

அந்தச் சொல்லை ஒல்லாந்தன் கொண்டுவந்தான் என்பார்கள், மலாய்க்காரன் என்பார்கள், எனக்குத் தெரியாது. அந்த இலையை மலைத் தோட்டங்களில் கிள்ளிய பெண்களும் தமிழ்தான் பேசினார்கள். ஆனால் அவர்களை நாங்கள் எங்கள் ஆட்களாக எண்ணவில்லை, சொல்லை மட்டும் எண்ணிக்கொண்டோம்.

வண்டியில் ஒரு சட்டம் உண்டு. ஒரு தரம்தான் கேட்பது. வேண்டாம் என்றால் அடுத்த அறை. நாற்பது பேருக்கு ஆறுவதற்குள் கொடுக்கவேண்டும். அந்தச் சட்டத்தை நான் மீறியது எங்கள் ஊர்க் கிழடுகளுக்காக மட்டும்தான். "வேண்டாம் பிள்ளை, உனக்கேன் கரைச்சல்" என்பார்கள். ஒன்றும் பேசாமல் ஊற்றி வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது கோப்பை காலியாக இருக்கும். எங்களுக்குள் முதல் வேண்டாம் மரியாதை. இரண்டாவது வேண்டாம் அடக்கம். மூன்றாவது முறை கேட்கும்போது, "சரி, அப்ப அரைக் கோப்பை" என்று சொல்லி முழுக் கோப்பை குடிப்போம். இதைத் தெரியாதவன் எங்கள் வீட்டுக்கு வரவே கூடாது. அல்லது நாங்கள் அவன் வீட்டுக்குப் போகக் கூடாது.

நாங்கள் போனோம்.

எங்கள் ஒரே மகள் கியூபெக்காரப் பெடியன் ஒருவனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். இவர் இரண்டு கிழமை பேசவில்லை. பிறகு பெடியன் வந்து "வணக்கம் மாமா" என்று நன்றாகவே சொன்னதில் கொஞ்சம் இளகினார். அவனுடைய தாய் தகப்பன் ஒரு பெப்ரவரி ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு எங்களைத் தங்கள் வீட்டுக்கு அழைத்தார்கள். பியர்பொன்ட்ஸிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டித் தெற்குக் கரைக்கு ஒரு மணித்தியால ஓட்டம். புறப்படுமுன் நான் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைக்க எழும்ப, இவர் தடுத்தார்.

"அங்கை தருவினம். வயித்தை நிரப்பிக்கொண்டு போய் அவையின்ரை மனத்தை நோகப்பண்ணக்கூடாது."

நல்ல வீடு. கணப்பில் நெருப்பு. சப்பாத்துக் கழற்றி உள்ளே போய் உட்கார்ந்தோம். பெடியனின் தாய் எங்களைப் பார்த்துச் சிரித்து, "அன் தே? அன் கஃபே?" என்று கேட்டார்.

இவர் நெஞ்சில் கை வைத்து, "நொன், நொன், மெர்சி" என்றார். நானும் குனிந்த தலையோடு, "நொன் மெர்சி, மதாம்" என்றேன். இனி அவர் இன்னொரு தரம் கேட்பார், நாங்கள் இன்னொரு தரம் மறுப்போம் என்று காத்திருந்தோம்.

"பர்ஃபே," என்றார் அந்த அம்மா. மிக நன்று என்று அர்த்தம். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மூன்று மணித்தியாலம். இடையில் எழுந்துபோய்த் தனக்கு ஒரு கோப்பை போட்டுக்கொண்டு வந்து எங்கள் முன்னாலேயே வைத்துக் குடித்தார். கோப்பையில் தேயிலைப் பையின் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆவி பறந்தது. இவர் கண்ணெடுக்காமல் அந்த நூலையே பார்த்தார். இருபத்திரண்டு வருடம் ஒரு தரம் கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனவள் நான். அது எனக்கு அங்கே ஞாபகம் வரவேயில்லை. இவள் என்ன மனுஷி என்றுதான் நானும் கொதித்தேன்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையோரக் கோப்பிக் கடையில் காரை நிறுத்தி இரண்டு தேத்தண்ணி வாங்கினோம். இவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு தேத்தண்ணிக்கு வழியில்லாத சனம். இந்தச் சம்பந்தம் சரிவராது."

அன்று பின்னேரமே லண்டனிலுள்ள தன் அண்ணைக்குத் தொலைபேசி அடித்தார். அண்ணை, "தேத்தண்ணியும் குடுக்கேல்லையோ!" என்று ஒலிபெருக்கியில் அலறினார். அவர் டொரோண்டோவிலுள்ள என் மைத்துனிக்கு அடித்தார். அடுத்த நாள் மைத்துனி எனக்கு அடித்தபோது, நாங்கள் மயங்கி விழப் பார்த்ததாகவும் கதை வளர்ந்திருந்தது. எங்கள் சனத்துக்குச் செய்தி போக இணையம் வரவேண்டியிருக்கவில்லை.

மகள் வந்து நின்றாள்.

"அப்பா, அவை கேட்டவைதானே? நீங்கள்தானே வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்?"

"வேண்டாம் எண்டா வேண்டாமோ?"

"ஓம்! இந்த நாட்டிலை வேண்டாம் எண்டா வேண்டாம்தான். எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவை."

"எனக்கு முன்னாலை நிண்டு எனக்குப் பண்பாடு படிப்பிக்கிறாய். இந்தக் கலியாணத்துக்கு நான் வரமாட்டன்."

"நீங்கள் வராட்டிக் கலியாணம் இல்லை," என்றாள் மகள். "ஆனா அதுக்குப்பிறகு நானும் இந்த வீட்டை வரமாட்டன்." அன்றே ஒரு பெட்டியோடு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னால் செய்வாள், தகப்பனின் பிள்ளை. ஒரு தேயிலைப் பைக்காக ஒரு பிள்ளையை இழக்கப்போகிறோம் என்று இவருக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் பத்திரிகையை உயர்த்திப் பிடித்தார்.

கடைசியில் நானே அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, எங்கள் வீட்டுக்கு வரச்சொன்னேன். இவர் ஒரு காரணத்துக்காகத்தான் சம்மதித்தார். "வரட்டும். தேத்தண்ணி எண்டா என்னெண்டு காட்டுவம்."

காட்டினோம். வடை, கட்லெட், ரோல்ஸ், இரண்டு வகைக் கேக். அந்த அம்மா உட்கார்ந்ததும் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். மத்தியானத்துக்குப் பிறகு குடித்தால் தனக்கு நித்திரை வராது, நொன் மெர்சி என்றார். அதெல்லாம் எங்கள் காதில் ஏறுமா? தகரத்தில் அடைத்த ரின்பால் விட்டு, சீனி போட்டு, ஆற்றி, நுரையோடு கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். பாவம், குடித்தார். கோப்பை காலியானதும் நிரப்பினேன். அதையும் குடித்தார். மூன்றாவதை இவரே எழுந்து ஊற்றினார். அந்த மனுஷி அடுத்த புதன்கிழமைதான் நித்திரை கொண்டிருக்கவேண்டும்.

பிறகு இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மண்டபத்தில் பேசுகிற குரலை எடுத்தார். எங்கள் பண்பாட்டில் வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவதில்லை என்றார். மொழிபெயர்க்கவென்று வந்திருந்த மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னாள். அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். கொஞ்சம் தயங்கி, மெதுவாக, நீளமாகப் பேசினார். எனக்குப் பாதி விளங்கியது. மகள் மீதியைச் சொன்னாள்.

"அண்டைக்கு நீங்கள் வெளிக்கிட்டாப்பிறகு அவா அழுதவவாம். மூண்டு மணித்தியாலம் இருந்தும் ஒரு சொட்டும் குடிக்கேல்லையாம். தங்கடை வீட்டுக் கோப்பையிலை வாய் வைக்க உங்களுக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சவவாம்." மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் சொன்னனான், சீ, எங்கடை ஆக்கள் அப்பிடியெல்லாம் செய்யமாட்டினம், அப்பிடி உலகத்திலை ஆர் செய்வினம் எண்டு. சொல்லுங்கோ அப்பா."

என் கணவர் கம்பளத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம், அது பியர்பொன்ட்ஸ் அல்ல.

யாழ்ப்பாணத்தில் ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஒருநாள் மழைக்கு அவள் வீட்டில் ஒதுங்கினேன். அவளுடைய தாய் அடுப்பை ஊதி, பால் விட்டுத் தேத்தண்ணி போட்டு, மினுக்கிய எவர்சில்வர் பேணியில் கொண்டுவந்தார். அவர்கள் சாதிக்காரர் வீடுகளில் தண்ணீர் வெந்நீர் வாங்கக் கூடாது என்று எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். முகம் கோணாமல் மறுப்பதற்கு ஒரு வசனமும் சொல்லித் தந்திருந்தார்கள். "இப்பதான் குடிச்சனான், வேண்டாம்." சொன்னேன். அவர் இரண்டாவது தரம் கேட்கவில்லை. எந்த வேண்டாம் மரியாதை, எந்த வேண்டாம் மற்றது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பேணியைத் திரும்ப உள்ளே கொண்டுபோனார். என் சிநேகிதி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கணவர் வீட்டில் அந்த வசனம்கூட இல்லை. அவர்கள் வீட்டுப் பின்கோடியில் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்து வைத்திருந்தார்கள். கலியாணமான புதிதில் நானே அதில் ஊற்றியிருக்கிறேன். பண்பாடு.

"சொல்லுங்கோ அப்பா," என்றாள் மகள் மறுபடியும்.

"அப்பிடியொண்டும் இல்லை எண்டு சொல்லு," என்றார் இவர். குரல் மண்டபத்துக் குரலாக இல்லை. "பிழை எங்களிலை எண்டும் சொல்லு."

இவர் வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததை நான் முப்பத்தாறு வருடத்தில் கேட்டதில்லை. மகள் அதைத் தேத்தண்ணிப் பிழையென்று நினைத்து, ஓடிவந்து தகப்பனைக் கட்டிக்கொண்டாள். பெட்டி அன்றே வீட்டுக்குத் திரும்பி வந்தது. மற்றதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. தமிழாசிரியரின் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது; அந்தத் துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன். ஒருநாள் வாயால் சொல்லத்தான் வேண்டும்.

ஏப்ரலில் கலியாணத் தேதி குறிக்கத் தெற்குக் கரைக்குப் போனோம். வாசலில் ஒரு சப்பாத்தைக் கழற்றி மற்றது காலில் இருக்க, அந்த அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே இவர், "அன் தே, சில் வு ப்ளே" என்று தானாகவே தேத்தண்ணி கேட்டார். நானும் கேட்டேன். கொதிக்காத தண்ணீர், நூலில் ஒரு பை, பாலுமில்லை சீனியுமில்லை. இப்படியொரு கேவலமான தேத்தண்ணியை ஆஸ்பத்திரியில்கூட நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அடிவரை குடித்துவிட்டு, இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

என் சிநேகிதியின் தாய் போட்ட தேத்தண்ணி எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.