கிழங்குப் பாத்தியில் இரண்டு துவக்குகள்

இந்தக் கதையில் இரண்டு துவக்குகள் வருகின்றன. பயப்பட வேண்டாம், யாரும் யாரையும் சுடவில்லை. ஆனாலும் அந்த ஒரு கிழமை எங்கள் வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

எண்பதுகளின் கடைசியில் அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டனுக்கு வந்து, ஹரோவில் மாமா வீட்டில் தங்கினோம். எனக்குப் பத்து வயது. அப்பா ஜேர்மனியில் விசாவுக்குக் காத்திருந்தார். மாமா அம்மாவின் அண்ணன். எழுபதுகளில் படிக்க வந்து, நகராட்சிக் கவுன்சிலில் வேலை எடுத்து, கலியாணம் செய்யாமல் தனியாக இருந்தவர். அதிகம் கதைக்க மாட்டார். தேநீரைக்கூடக் கரண்டிச் சத்தம் கேட்காமல் கலக்குவார்.

அந்த வீட்டின் மேல்மாடியில் ஒரு சின்ன அறை. அதற்குள் சுவரோடு சேர்த்து முடுக்கிய உயரமான இரும்பு அலுமாரி ஒன்று நின்றது. அதில் கவுன்சில் கடிதங்கள் இருக்கின்றன என்று மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார். கடிதங்களுக்கு ஏன் இவ்வளவு தடித்த இரும்பு என்று அம்மா கேட்கவில்லை. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு ஃபோர்ம் இருக்கிறது, அதைப் பூட்டியும் வைப்பார்கள் என்று நினைத்திருப்பார்.

உண்மையில் உள்ளே இருந்தவை இரண்டு துவக்குகள். ஒன்று இலக்குப் பார்த்துச் சுடுகிற புதிய ரைபிள். மற்றது நூறு வருடத்துக்கு மேல் பழசு. ஒவ்வொரு தடவையும் வாய்ப்பக்கத்தால் கரிமருந்தும் ஈயக் குண்டும் போட்டு, கம்பியால் இடித்துத்தான் சுடவேண்டும். மாமா அதை ஏலத்தில் எடுத்து, ஒரு வருடமாகத் துருப் போக்கி, மரப்பிடிக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சரிப்படுத்தியிருந்தார். இரண்டுக்கும் பொலிஸ் கொடுத்த அனுமதிப் பத்திரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடும் கழகத்துக்குப் போவது அவருடைய பொழுதுபோக்கு. சிலர் மீன் பிடிக்கப் போவதில்லையா, அப்படித்தான்.

அம்மாவிடம் அதைச் சொல்லத்தான் மாமா நினைத்திருந்தாராம். ஆனால் நாங்கள் வந்த முதல் கார்த்திகை மாதத்தில் அயல்வீட்டுக்காரர்கள் வாணவெடி கொளுத்தினார்கள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விட்டார். மாமா குனிந்து, அது வெறும் விளையாட்டு என்று விளங்கப்படுத்தி, எங்களை வெளியே எடுக்க அரை மணித்தியாலம் ஆனது. அதற்குப் பிறகு கடிதங்கள் கடிதங்களாகவே இருந்தன.

எனக்கு விஷயம் தெரிந்தது மணத்தால்தான். கரிமருந்துத் துவக்கைச் சுட்டால் அன்றைக்கே கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மாமா கேத்திலோடு தோட்டத்துக் கொட்டிலுக்குப் போவார். பிறகு வீட்டில் கூழ்முட்டை மணம் வரும். அம்மா குசினியில் சட்டி கழுவுகிற குழாயில்தான் பழுது என்று சொல்லிக் கிருமிநாசினி ஊற்றுவார். மாமாவும், கவுன்சிலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்பார். நான் ஒருநாள் பின்னாலேயே போய்க் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டேன்.

மாமா என்னைக் கண்டதும் திட்டவில்லை. நெடுநேரம் யோசித்தார். இரகசியத்தோடு என்னை வீட்டில் விடுவதைவிட, கூட்டிக்கொண்டு போவது பாதுகாப்பு என்று முடிவெடுத்தார் போலும். அடுத்த ஞாயிறு முதல் நாங்கள் இரண்டு பேரும் “நூலகத்துக்கு” போனோம். ஞாயிற்றுக்கிழமையில் நூலகம் பூட்டு என்பது அம்மாவுக்குத் தெரியாது.

கழகம் என்றால் பெரிய கட்டிடம் இல்லை. ஒரு மைதானத்துக்குப் பின்னால் நீண்ட செங்கல் கொட்டில். வயதான வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் தேநீர்ப் போத்தலோடு வந்து, பாயில் குப்புறப் படுத்து, தூரத்தில் தொங்கும் கடதாசி வட்டத்தைக் குறிபார்த்துக்கொண்டு கிடப்பார்கள். சுடுவதைவிடப் படுத்திருப்பதே அதிகம். இதில் என்ன இருக்கிறது என்று மாமாவைக் கேட்டேன்.

“ஒரு மணித்தியாலத்துக்கு ஒருத்தரும் என்னோடை கதைக்க வரமாட்டினம், மருமகன்” என்றார்.

சுட்டு முடிந்ததும் தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி ஒரு வாளிக்குள் போடவேண்டும். அது அங்கே சட்டம் மாதிரி. நான் ஒன்றை மட்டும் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். சுண்டு விரல் நுனியளவு பித்தளைக் கோது. அதை எதற்கு எடுத்தேன் என்று கேட்டால், ஊரில் நாங்கள் செய்ததைச் செய்யத்தான். ஊரில் சண்டை ஓய்ந்தபின் வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் கிடக்கிற கோதுகளைப் பொறுக்கி, அதன் வாயைக் கீழுதட்டில் வைத்து ஊதுவோம். விசில் மாதிரிக் கூவும். யாருடையது கூடக் கூவுகிறது என்று போட்டியும் வைப்போம்.

பள்ளிக்கூட ஈஸ்டர் விடுமுறை. திங்கட்கிழமை காலை மாமா வேலைக்குப் போனபின், மாடிப்படியில் இருந்து ஊதினேன். நன்றாகக் கூவியது. இரண்டாவது தடவை ஊதமுன் அம்மா முன்னால் நின்றார். கையில் மா ஒட்டியிருந்தது.

“எங்காலை எடுத்தனீ?”

அம்மா கோதைக் காணவே இல்லை, சத்தத்திலேயே பிடித்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கழகம், பாய், கடதாசி எல்லாம் சொன்னேன். ஆனால் துவக்கு வீட்டுக்குள் இருக்கிறது என்றதற்குப் பிறகு அம்மாவுக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை. பொலிஸ் அனுமதி என்றால் எனக்கே அப்போது சரியாகத் தெரியாது, அதனால் அதைச் சொல்லவில்லை.

அலுமாரிப் பூட்டைத் திறக்கும் திறப்பு சாமி அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது. ஒருவரும் பார்க்காத இடம் என்று மாமா நினைத்திருந்தார். ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் படத்தைத் துடைத்துப் பூ வைப்பவர் அம்மா. முதல் வெள்ளியே கண்டுவிட்டு, ஏதோ திறப்பு என்று திரும்ப அங்கேயே வைத்திருக்கிறார்.

அம்மா அலுமாரியைத் திறந்து இரண்டு துவக்குகளையும் கண்டார். மாமாவிடம் கேட்போம் என்றேன்.

“எப்பிடிக் கேக்கிறது? அவரின்ரை வீட்டிலை இருந்துகொண்டு அவரைக் கேள்வி கேக்கிறதே? ஆரோ குடுத்து வைச்சிருக்கிறாங்கள். அண்ணைக்கு மாட்டன் எண்டு சொல்லத் தெரியாது. ஆரும் வந்து பாத்தால் அவரையெல்லோ கொண்டுபோவாங்கள்.”

பிறகு அம்மா வேலையைத் தொடங்கினார். என் கால் வெடிப்புக்கு வாங்கிய வசலீனை முழுவதும் இரும்பில் பூசினார். துவக்குக் குழாய்களின் வாயைத் துணியால் அடைத்து, மெழுகுதிரி உருக்கி ஊற்றினார். ரைபிளில் கழற்றக்கூடிய துண்டைக் கழற்றித் தனியே சுற்றினார். வெளியே அரிசிப் பை, அதற்கு வெளியே பொலித்தீன். கொட்டிலில் கிடந்த பழைய சைக்கிள் டியூபைக் கத்தரிக்கோலால் நாடா நாடாவாகக் கீறி, இழுத்து இழுத்துக் கட்டினார். அந்தக் கிழமை உருளைக்கிழங்கு போடவென்று மாமா பாத்தி கொத்தி வைத்திருந்தார். அதில் இடுப்பளவு தோண்டி, வாய் கீழே சரிந்திருக்க இரண்டையும் இறக்கி மூடி, மேலே முளைக்கிழங்கை வரிசையாக நட்டார். நான் மண் தள்ளிக் கொடுத்தேன். அலுமாரியைப் பூட்டித் திறப்பை முருகனிடம் வைத்தாயிற்று.

இப்போது என்னிடம் மாமாவின் இரகசியம் ஒன்று, அம்மாவின் இரகசியம் ஒன்று. இரண்டு பேரும் இரவுச் சாப்பாட்டில் என்னைப் பார்த்துக் கண்ணால் எச்சரித்தார்கள். மாமா யன்னலால் பாத்தியைப் பார்த்து, பிள்ளை நல்லாய் நட்டிருக்கிறாய் என்று அம்மாவிடம் சொன்னார்.

புதன்கிழமை மாமா என்னைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டார். நாளைக்குப் பொலிசில் இருந்து ஒரு அதிகாரி வருகிறார், அனுமதியைப் புதுப்பிக்க அலுமாரியையும் துவக்குகளின் இலக்கத்தையும் பார்ப்பார், அம்மாவுக்குக் கவுன்சில் ஆள் என்று சொல்லியிருக்கிறேன், நீ ஒன்றும் உளறிவிடாதே என்றார். ஒரு துவக்குக் காணவில்லை என்றாலும் அனுமதி போய்விடுமா என்று கேட்டேன். அனுமதி மட்டுமில்லை, வழக்கும் வரும், வேலையும் போகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். யாருடைய இரகசியத்தை யாருக்குச் சொல்வது என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

வியாழக்கிழமை வந்தவர் சாதாரண கோட்டுப் போட்ட வயதான மனிதர். அம்மா வடை சுட்டு வைத்திருந்தார். அவர் இரண்டு சாப்பிட்டு, மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, சரி மேலே போவோமா என்று எழும்பினார். மாமாவும் எழும்பினார். நான் கதவடியில் நின்றேன். அவர்கள் போகவேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்.

“மாமா, அலுமாரிக்குள்ளை ஒண்டும் இல்லை.”

“என்னடா சொல்லுறாய்?”

“அம்மா தாட்டுப்போட்டா. கிழங்குக்குக் கீழை.”

மாமா என்னைப் பார்த்தார், குசினிப் பக்கம் பார்த்தார், வந்தவரைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு அப்போது இடம் இருந்தது. திறப்பைக் காணவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் திரும்ப உட்கார்ந்து, நான் சொன்னதை ஆங்கிலத்தில் மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். அதிகாரியின் கையில் வடை அப்படியே இருந்தது.

அம்மா கதவடிக்கு வந்தார். முகங்களைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

“பொலிஸோ?” என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். “அவருக்குச் சொல்லு தம்பி. அண்ணைக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் செய்தனான். கொண்டுபோறதெண்டால் என்னைக் கொண்டுபோகட்டும்.”

எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனிதர் வடையைத் தட்டில் வைத்தார். யாரையும் எங்கேயும் கொண்டுபோகவில்லை, முதலில் தோண்டுவோம் என்றார்.

மாமா தோண்டினார். அதிகாரி கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் குந்தியிருந்து கட்டுகளை அவிழ்த்தார். அவிழ்க்கவே நேரம் எடுத்தது. இலக்கங்களைப் பட்டியலோடு சரிபார்த்தார். இரண்டும் சரி. ஒரு பொட்டுத் துருவோ ஈரமோ இல்லை. தான் வாலிபத்தில் இராணுவத்தில் இருந்தவராம். இவ்வளவு திறமாகக் கட்டியதை அங்கேகூடக் காணவில்லை, அம்மாவிடம் சொல் என்றார். நான் பெருமையோடு சொன்னேன். அம்மா காதில் விழாதது போலக் கிழங்குகளைப் பொறுக்கி வாளிக்குள் போட்டார்.

நடந்ததை நடந்தபடி எழுதத்தான் வேண்டும், முடிவு மேலிடத்தில், அதுவரை இரண்டும் கழகத்து இரும்பு அறையில் இருக்கட்டும் என்றார் அவர். திறப்பு இருக்கிற இடம் மாமாவைத் தவிர ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றும் சொன்னார். கடைசியாக, இவை திரும்பி வீட்டுக்கு வந்தால் உனக்குச் சம்மதமா என்று அம்மாவைக் கேட்கச் சொன்னார்.

அம்மா மாமாவிடம் திரும்பினார்.

“அண்ணை, உந்தத் துவக்காலை என்னத்தைச் சுடுறனீங்கள்?”

“கடதாசி.”

“கடதாசியோ?”

“ஒரு வட்டம் கீறியிருக்கும் பிள்ளை. நடுவிலை பட்டால் பத்துப் புள்ளி.”

“படாட்டி?”

“அடுத்த கடதாசி.”

அம்மா அவரையே பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. லண்டனுக்கு வந்தபின் அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். சம்மதம் என்று சொல்லச் சொன்னார். ஆனாலும் பிறகு அனுமதி புதுப்பித்து வந்தபோதும் மாமா துவக்குகளைக் கழகத்திலேயே விட்டுவிட்டார். இரும்பு அலுமாரிக்குள் உண்மையாகவே கவுன்சில் கடிதங்கள் வந்தன.

அன்று பின்னேரம், கழகத்துக்குப் போய்த் திரும்பிய மாமா பாத்தியை மூடினார். அம்மா கிழங்குகளைத் திரும்ப நட்டார்.

“பிள்ளை, உப்பிடிக் கட்ட எங்கை பழகினனீ?” என்று மாமா கேட்டார்.

அம்மா மண்ணை அமத்திக்கொண்டே சொன்னார். “எங்கடை தம்பி ஊரிலை ஒருநாள் உப்பிடி ஒண்டைக் கொண்டந்து தந்தவன். கிணத்தடியிலை தாட்டு வைச்சனான். எப்பிடிக் கட்டிறதெண்டும் அவன்தான் காட்டித் தந்தவன். ரெண்டு நாளிலை வந்து எடுக்கிறன் எண்டவன்.”

மாமா மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார்.

“வரேல்லை” என்றார் அம்மா.

அம்மாவின் தம்பி எனக்குச் சின்ன மாமா. ஊரில் என்னைச் சைக்கிள் பாரில் வைத்து ஓடித் திரிந்தவர். கனகாலமாக அவரைக் காணவில்லை, வேறு ஊரில் படிக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

“சின்ன மாமா மறந்துபோனாரோ அம்மா?” என்று கேட்டேன்.

“ஓம் ராசா. மறந்துபோனான்.”

எனக்குச் சின்ன மாமாவில் நல்ல கோபம். அம்மா இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டி வைத்ததை ஒரு மனிதர் எப்படி மறப்பார்? அன்றைக்கே கொப்பித் தாளில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிணற்றடியில் வைத்த சாமான் அப்படியே இருக்கிறது, அம்மா கட்டியது, துருப் பிடித்திருக்காது, நேரம் கிடைக்கும்போது போய் எடுங்கள் என்று எழுதினேன். முகவரி தெரியாததால் அம்மாவிடம் கொடுத்து அனுப்பச் சொன்னேன். அம்மா அதை இரண்டு தரம் வாசித்து, நாலாக மடித்து, அனுப்புகிறேன் என்று வாங்கிக்கொண்டார். பதில் வரவில்லை. சின்ன மாமா அதையும் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.