பதக்கத்துக்குள் இருந்த வரிகள்

தோட்டத்து பங்களாவை ஹோட்டலாக மாற்றியபோது, அங்கே சமையல்காரராக இருந்த என் அண்ணனுக்கு ஒரு பழைய படத்தைக் கொடுத்தார்கள். வெள்ளைக்கார ராணுவ அதிகாரி ஒருவரின் மார்பளவுப் படம். தகட்டில் செதுக்கி அச்சடித்தது. தோளில் சோளக் குஞ்சம் மாதிரி தொங்கல், நெஞ்சில் ஒரு பதக்கம். மைசூர்ச் சண்டைக்காகக் கொடுத்த பதக்கம் என்று கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது. வருடக்கணக்காகத் தூசி தட்டிய படம் என்பதால் அண்ணனுக்கு அதன்மேல் பாசம். எனக்கு அப்படியொன்றும் இல்லை.

கண்ணாடி உடைந்திருந்ததால் புதிது போட ஹட்டனுக்குக் கிளம்பினோம். டிக்கோயாவில் பஸ் ஏறியதும் படத்தை மடியில் வைத்து முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். பதக்கத்துக்குள் ஒரு மிருகம், உடம்பெல்லாம் வரி வரியாக. புலி.

பஸ்களில் பொலிஸ் சோதனைகள் மறுபடியும் தொடங்கியிருந்த நேரம். யுத்த காலத்தில் அண்ணனை இப்படித்தான் ஒரு பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அடையாள அட்டை கையில் இல்லை, அவ்வளவுதான் குற்றம். திரும்பி வந்தவருக்கு இடது காது கேட்கவில்லை.

வழியில் பஸ்ஸை நிறுத்தி இரண்டு பொலிஸ்காரர்கள் ஏறினார்கள். கேட்கிற காதில் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"கையால மூடிக்க. பேசாம இரு."

கட்டைவிரலால் மூடினேன். அந்த விரல்தான் காட்டிக்கொடுத்தது. அதை எடுக்கச் சொல்லிக் குனிந்து பார்த்த பொலிஸ்காரர், "கொட்டியா?" என்றார். சிங்களத்தில் புலிக்கும் அதுதான் சொல், இயக்கத்துக்காரனுக்கும் அதுதான் சொல். அன்றைக்கு அண்ணனை அழைத்ததும் அந்தச் சொல்லால்தான். சந்தையில் சண்டை போடுகிற என் சிங்களம் எங்கே போனதோ தெரியவில்லை.

பொலிஸ்காரர் போனில் படமெடுத்துப் பெரிதாக்கினார். பிறகு சிரித்தார்.

"சிங்ஹயா உடின். கொட்டியா யட்டின்."

உண்மைதான். நாட்டுக் கொடியில் இருக்கிற சிங்கம் மேலே, புலி கீழே. ஒரு சிங்கம் புலியை அமுக்கிப் பிடித்திருந்தது. பயத்தில் எனக்கு வரிகள் மட்டுமே தெரிந்திருக்கின்றன. நல்ல படம் என்று அண்ணனின் தோளில் தட்டிவிட்டு அவர் இறங்கிப் போனார். எவனோ வெள்ளைக்காரன் எவனையோ ஜெயித்த பெருமைக்குச் செய்த பதக்கம் எங்களைக் காப்பாற்றியிருந்தது. கும்பிடுவதா காறித் துப்புவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஹட்டன் கடைக்காரர், சுற்றி அட்டை வைத்தால் அழகாக இருக்கும், நெஞ்சுப் பக்கம் மட்டும் கொஞ்சம் மறையும் என்றார். அண்ணன் பதறிப்போய்த் தடுத்தார்.

"மறைச்சிராதீங்க. சிங்கம் மேல இருக்கிறது வர்றவங்களுக்கு நல்லா தெரியணுங்க. எங்க வீட்டு வாசல்ல மாட்டப் போறேன்."