காய் வெட்டு

சிவனாண்டியின் பேரைப் பேச்சித்தாய் முதன்முதலாகக் கேட்டது ஒரு வசவில்தான். "தண்ணி எறைக்கையில வாளிக் கயித்தை அம்பால அறுத்துட்டாம்லா சிவனாண்டிப் பய! வாளி போச்சு!" என்று அவள் அண்ணன் வன்னியபெருமாள் கத்திக்கொண்டு வந்தான். வைது என்ன செய்ய? அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மகன், முறை மாப்பிள்ளை. அவனுக்கே அவளைக் கட்டினார்கள்.

மறுவீட்டு விருந்தில் அண்ணன் வாய் சும்மா இருக்கவில்லை. "மாப்பிள, அம்பு விட்டா சோறு விழுமாடே?"

சிவனாண்டி இலையை விட்டு எழுந்துவிட்டான். "ஆடி மாச அம்புப் பந்தயத்து வெள்ளிக் காப்போடதான் இனி இந்த வாசலை மிதிப்பேன்."

போனால் சோடியாகத்தான் போவேன் என்று பேச்சித்தாயும் நின்றுவிட்டாள். அதோடு அவளுக்குத் தாய்வீடு இல்லை.

தூத்துக்குடி உப்பளத்துக்குப் பின்னாலே பொட்டலில் பந்தயம். கம்பத்தில் பனங்காயை நாரில் தொங்கவிட்டு, "காயை வெட்டுனவனுக்குக் காப்பு" என்று தமுக்கடித்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துமூன்றில் சிவனாண்டி விட்ட, பிறை போல முனை வைத்த அம்பு நாரை அறுத்தது. காய் சொத்தென்று விழுந்தது.

தீர்ப்புச் சொல்ல வந்த ஸ்ரீவைகுண்டத்து நெல் வியாபாரி ஆறுமுகநயினார் காயைப் புரட்டிப் பார்த்தார். "கீறலே இல்லியேப்பா."

"அண்ணாச்சி, காய் வெட்டுன்னா கீழ எறக்குததுதான. காய்ல காயம் பட்டா எங்கய்யா செவுள்ல அறைவாரு!" என்றான் சிவனாண்டி.

பனையேறி வீட்டில் வளர்ந்தவன் பேச்சு வயக்காட்டு மனுசருக்கு எங்கே விளங்கும்? காப்பு, காயைப் பிளந்த கீழவைப்பார் ஊர்க்காரன் எஸ்றாவுக்குப் போனது.

உலகச் சண்டை நெருக்கடியில் அடுத்த வருசத்திலிருந்து பந்தயம் நின்றது. அந்த வருசங்களெல்லாம் பேச்சித்தாய் காய் கட்டித் தொங்கவிடுவாள். "நாரைப் பாக்காதீங்க, காயைப் பாருங்க" என்பாள். வீட்டில் அம்பு காயில்தான் பட்டது. நாற்பத்தாறில் பந்தயம் திரும்ப வந்தது. கூட்டத்தைக் கண்டதும் பழைய கை முந்திக்கொண்டது. மறுபடியும் நார்.

"ஏலே சிவனாண்டி, நாருக்கும் ஒனக்கும் என்னடே பகை?" என்றான் எஸ்றா. பொட்டலே சிரித்தது.

மறுவருசம் நாரில் படாமல் விலக்கிக் குறி வைத்தான். காயையும் விட்டு விலகிப் போனது அம்பு. "கை கேக்க மாட்டேங்கு, ஏளா" என்று வில்லின் நாணைக் கழற்றினான். பிறகு பூட்டவே இல்லை.

அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வந்தது. பேச்சித்தாய் சேலையை மாற்றினாள். "காப்பு ஒங்களுக்கு வேணும். எனக்கு அண்ணன் வேணும். நான் போறேன்."

"போ. கேட்டா எனக்குக் காய்ச்சல்னு சொல்லு."

"வீம்புன்னு சொல்லுவேன்" என்று படியிறங்கினாள்.

அண்ணன் வீட்டுக்கு அவள் மட்டும் போய் வருகிறாள். சிவனாண்டி இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் உப்பு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் காவல் இருக்கிறான்.