தோஸாமாவும் ஏழாம் நம்பர் மெஷினும்

தோஸாமாவுக்கு ஏழாம் நம்பர் மெஷினைக் கண்டாலே பயம். வேலையில் சேர்ந்து பதினேழு நாள் ஆகியும் அது விட்டபாடில்லை. எங்கள் பக்கம் ஜூலைதான் நடுக்குளிர்; ஊரே போர்வையைச் சுற்றிக்கொண்டு க்வாநொபுஹ்லே வேன் நிறுத்தத்தில் வெடவெடத்து நிற்கும். இவளுக்கு மட்டும் உள்ளங்கை வேர்த்திருக்கும். வேனில் ஏறி உட்கார்ந்ததும் வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பிப்பாள். கதவைத் திற, ஜாப்பை மாட்டு, பெடலை மிதி, கதவை மூடு, பச்சையை அழுத்து. ஏதோ ஜெபம் சொல்கிறாள் என்று பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள்.

அவள் ஒன்றும் பயந்தாங்கொள்ளி அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முப்பத்தேழு வயது. கோழி வெட்டும் தொழிற்சாலையில் ஏழு வருஷம் ஈரத்தில் நின்று, நிமிஷத்துக்கு இருபது கோழிக்கு இறக்கை அறுத்தவள். கேப் டவுனுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் ஆக்கிக்கொண்டான் என்று சேதி வந்த அன்றுகூட ஷிப்டுக்குப் போனாள். போன வருஷம் அந்தத் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். பதினோரு மாதம் வீட்டில் இருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் பத்தாவது. அந்தப் பதினோரு மாதத்தில் வீட்டிலிருந்து என்னென்ன வெளியே போயிற்று என்று நான் பட்டியல் போடப் போவதில்லை. கடைசியாகப் போனது டிவி.

வேலை கிடைத்தது ஒரு சாவு வீட்டில். மறுநாள் அடக்கம், கொல்லையில் பெண்கள் கூடி உட்கார்ந்து மூட்டை மூட்டையாக முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் வந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். யாரோ ஒரு கிழவர் அவனை “ம்பிங்கா, இங்கே வா” என்று குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தோஸாமா கத்தியைக் கீழே வைத்தாள்.

“நீ ம்பிங்காவா?”

“ஆமா. ஏன்?”

“நானும் ம்பிங்கா வீட்டுப் பொண்ணுதான். அப்போ நீ எனக்குத் தம்பி.”

எங்களில் குலம் ஒன்றென்றால் கதை முடிந்தது. ஒரே வயிற்றில் பிறந்த மாதிரிதான். கட்டிக்கொள்ளவும் முடியாது, கைகழுவவும் முடியாது. அந்தப் பையன், லுபாபாலோ என்று பெயர், சட்டியை இறக்கி வைத்துச் சிரித்தான்.

“சரிக்கா. அக்காவுக்கு என்ன வேணும், ஈரலா, எலும்பா?”

“வேலை வேணும்.”

கறிக்குக் காத்திருந்த மற்ற பெண்கள் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை. லுபாபாலோ காருக்கு பிரேக் ஹப் கடைந்து தரும் ஒரு கம்பெனியில் செட்டராக இருந்தான். மெஷினில் இரும்பைக் கடையும் டூலை மாட்டி, அது எதுவரை போக வேண்டும் என்று எண்களைப் போட்டுத் தயார் செய்வது செட்டர் வேலை. ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய இரும்பை, மாட்டி ஓட்டுவது ஆபரேட்டர் வேலை. ஆபரேட்டர் இடம் ஒன்று காலியாகத்தான் இருந்தது, ஆனால் சிஎன்சி என்கிற இந்தக் கம்ப்யூட்டர் மெஷினை ஓட்டிய அனுபவம் உள்ளவர்களுக்குத்தான். இரண்டு வாரம் தலையைச் சொறிந்துவிட்டுக் கடைசியில் ஃபோர்மேன் பிலாண்டரிடம் போய், “எங்க அக்கா சார், கெபெர்ஹாவுல ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கா” என்று கூசாமல் சொல்லிவிட்டான்.

அந்தக் கம்பெனியில் ஆள் எடுப்பது உள்ளே இருப்பவன் வாய்ச்சொல்லை நம்பித்தான். சொன்னது பொய்யென்றால் வந்தவளுக்கு மட்டுமல்ல, சொன்னவனுக்கும் சேர்த்துச் சீட்டு கிழியும். அதிலும் லுபாபாலோ செட் செய்த மெஷின் ஒன்று போன குளிர்காலத்தில் டூல் உள்ளே போய் மோதி, ஒரு மாதம் படுத்துக்கிடந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். இதை அவன் முதல் நாள் வேனில் வைத்துத்தான் அவளிடம் சொன்னான்.

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்னடா?” என்றாள்.

“சொல்லியிருந்தா வந்திருப்பியா?”

வந்திருப்பாள். அது அவளுக்கே தெரியும்.

முதல் நாளே மானம் போகப் பார்த்தது. கோழித் தொழிற்சாலைப் பழக்கத்தில் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றாள். லுபாபாலோ ஓடி வந்து இரண்டையும் உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

“ஓடுற மெஷின் பக்கத்துல கையுறையோட நிக்காதக்கா. கையோட உள்ள இழுத்துக்கும். அது போக, ரெண்டு வருஷம் ஓட்டினவள்னு ஒருத்தனும் நம்பமாட்டான்.”

அவன் காட்டிக் கொடுத்தது மூன்றே பொத்தான். பச்சை ஓட்ட, மஞ்சள் கதவு திறக்க, பெரிய சிவப்பு எல்லாவற்றையும் நிறுத்த. திரையில் எதையும் தொடாதே, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். அவன் தலையில் ஐந்து மெஷின். உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே இருக்கிறது?

அதனால் தோஸாமா தன் பாட்டுக்குக் காதால் படித்தாள். உள்ளே நான்கு டூல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் டூல் கரகரவென்று ஊரைக் கூட்டும். இரண்டாவது சீறும். மூன்றாவது வந்ததே தெரியாது. நான்காவது வரும்போது மனசுக்குள் எண்ணுவாள். சரியாக ஆறு எண்ணும்போது அது இரும்பைத் தொடும். ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை. எண்ணிக்கொண்டே வலது கையைச் சிவப்புப் பொத்தான் மேல் வைத்திருப்பாள், எடுக்கவே மாட்டாள். எட்டாம் மெஷின்காரனுக்கு அது வேடிக்கை.

“என்ன மாமா, அந்தச் சிவப்புப் பொத்தானையே கட்டிக்கிட்டியா? பரிசமா உங்க வீட்டுக்கு எத்தனை மாடு குடுத்தான்?”

“உனக்குக் குடுக்கற அளவுக்கு மிச்சமில்லப்பா,” என்பாள் இவள். வயதில் மூத்தவளை எங்கள் ஊரில் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள், அம்மா மாதிரி. கை மட்டும் பொத்தானை விட்டு நகராது.

பிலாண்டர்தான் பெரிய கண்டம். சத்தம் போடும் மனுஷர் அல்ல, அதுதான் பயமே. ஷிப்ட் முடியும்போது மெதுவாகப் பக்கத்தில் வந்து நிற்பார். “கெபெர்ஹாவுல எந்தக் கம்பெனின்னு சொன்னே?” என்பார். “மூடிட்டாங்க சார்” என்பாள். மூடியது கோழித் தொழிற்சாலை. அதனால் முழுப் பொய்யும் இல்லை என்று தன்னையே தேற்றிக்கொள்வாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அதற்கப்புறம் அரைமணி நேரம் அவளுக்குக் காது அடைத்தே கிடக்கும்.

பதினெட்டாம் நாள் மின்வெட்டு. பத்து மணிக்குப் போனது, பன்னிரண்டரைக்கு வந்தது. இரண்டரை மணி நேரத்து ஹப்புகளையும் சாயங்காலத்துக்குள் சேர்த்துத் தள்ள வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. லுபாபாலோ ஐந்து மெஷினுக்கும் நடுவில் பம்பரமாகச் சுழன்றான். ஏழாம் நம்பரில் நான்காம் டூலின் முனையை மாற்றினான், கையில் இருந்த துண்டுச்சீட்டைப் பார்த்து எண்ணைத் தட்டினான், “ஓட்டுக்கா” என்று சொல்லிக்கொண்டே அடுத்த மெஷினுக்கு ஓடினான்.

அவள் கதவை மூடிப் பச்சையை அழுத்தினாள். முதல் டூல் கரகரத்தது. இரண்டாவது சீறியது. மூன்றாவது வந்து போனது. நான்காவது வரும்போது வழக்கம்போல எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு எண்ணும்போதே அது இரும்பைத் தாண்டி, ஜாப்பைக் கவ்விச் சுழற்றும் சக் இருக்கும் பக்கம் வந்துகொண்டிருந்தது. என்ன ஏது என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கை சிவப்பை அடித்துவிட்டது.

மெஷின் ஒரு குலுக்கலோடு நின்றது. மேலே சிவப்பு விளக்கு சுழன்றது. கண்ணாடிக்குள் பார்த்தால், நின்றுபோன சக்குக்கும் டூலுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையாது. தெரியாத்தனமாக எதையோ அழுத்தி மெஷினைக் கெடுத்துவிட்டோம், இன்றோடு எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தாள். பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள்.

பிலாண்டர் வந்தார். கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்து உள்ளே பார்த்தார். பிறகு திரைக்குப் போய் எதையோ திறந்து படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

“இந்த நம்பரை யார் போட்டது?”

அதற்குள் லுபாபாலோவும் வந்துவிட்டான். கையில் இருந்த சீட்டைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். எட்டாம் மெஷினுக்கு எழுதி வைத்திருந்த எண்ணை ஏழில் போட்டிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. தோஸாமாவுக்குத் திரை புரியாது, முகம் புரியும். இவன் போட்டதென்றால் அந்தக் கடிதம் இருக்கிறது, இவன் கதை முடிந்தது. நான் போட்டதென்றால் முதல் தப்பு, மன்னித்தாலும் மன்னிப்பார்கள். இவ்வளவுதான் அவள் யோசித்தது.

“நான்தான் சார் போட்டேன்.”

பிலாண்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பொத்தானைத் தட்டினார். திரையில் இருந்தது மறைந்து வேறொன்று வந்தது.

“திரையில எந்தப் பக்கத்துல போட்டே? திறந்து காட்டு.”

அவள் விரலை நீட்டினாள். முன்னால் நாற்பது ஐம்பது பொத்தான் இருந்தது. தெரிந்தது மூன்று. தப்பு செய்வதற்கும் ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினாள். திரையில் ஏதோ ஆங்கிலத்தில் ஓடியது. இன்னொன்றை அழுத்தினாள். மெஷின் கீச்சென்று கத்தியது. சுற்றிலும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டாம் மெஷின்காரன்கூடச் சிரிக்கவில்லை.

“அவசரமில்ல. நிதானமாத் தேடு,” என்றார் பிலாண்டர்.

வாழ்க்கையில் அவள் அப்படிப் பயந்ததில்லை. மூன்றாவதாக ஒரு பொத்தானைத் தேடினாள். அப்போது அவள் தோளுக்கு மேலாக ஒரு கை வந்து இரண்டு பொத்தானைத் தட்டியது. பக்கம் திறந்தது.

“நான் போட்டது சார்,” என்றான் லுபாபாலோ. “எட்டாம் மெஷின் நம்பர். இப்படி ஒரு பக்கம் இருக்கறதே அக்காவுக்குத் தெரியாது.”

“அது தெரியுது. ரெண்டு வருஷம் ஓட்டினாள்னு சொன்னியே.”

“ஒரு நாள்கூட ஓட்டினதில்ல சார்.”

மூன்று மணிக்கெல்லாம் அவன் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். விசாரணை என்று ஒன்று வைப்பார்கள், யூனியன்காரர் ஒருவர் கூட உட்கார்வார், எல்லாம் சரிதான்; முடிவு என்னவென்று அந்த ஷெட்டில் துடைப்பம் பிடிப்பவருக்கும் தெரியும்.

தோஸாமாவை பிலாண்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். “ஏன் நிறுத்தினே?”

“பயமா இருந்துச்சு சார்.”

“எதைப் பார்த்து?”

“எப்பவும் ஆறு எண்ணினாத்தான் வரும். இன்னைக்கு நாலுலயே வந்துடுச்சு.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். “அந்த சக் போயிருந்தா மெஷின் ரெண்டு மாசம் நின்னிருக்கும். நீ இரு. ஆபரேட்டர்ங்கறதை அடிச்சிட்டு பயிற்சியாள்னு எழுதறேன். சம்பளம் குறையும். திங்கக்கிழமை வேற செட்டர் வருவான்.”

“தம்பி?”

“அவன் விஷயம் என் கையில இல்ல.”

அப்போது நானும் போகிறேன் என்று அவள் எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. வேலை போகவில்லை என்று கேட்டதும் முதலில் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இறங்கிய மறு நிமிஷம் தன் மேலேயே அசிங்கமாக இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பிராந்தி பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு லுபாபாலோ வீட்டுக்குப் போனாள். தப்பு செய்தவர்கள் கையை வீசிக்கொண்டு போகமுடியாது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே போனால் அவன் அம்மா முகத்தில் காறித் துப்பினாலும் துப்பலாம், அதற்கும் தயாராகத்தான் போனாள். அவன் அம்மா நோஃபினிஷ் பாட்டிலை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இது எதுக்கு?”

“மன்னிப்புக் கேட்க வந்தேன்மா.”

“மன்னிப்பு வெளியாள் கேட்கறது. சாவு வீட்டுல இவனைத் தம்பின்னு கூப்பிட்டது யாரு?”

“நான்தான்.”

“அப்போ நீ என் மகதானே. உட்காரு, சாப்பிடு.” சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்ததைத் தட்டு நிறையப் போட்டு முன்னால் வைத்தாள். பிறகு, வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்: “வீட்டுல சம்பாதிச்சது அவன் ஒருத்தன்தான். அவனுக்கு வேற வேலை கிடைக்கற வரைக்கும் மாசக் கடைசியில மாவும் எண்ணெயும் சர்க்கரையும் நீ கொண்டு வந்துடு. செத்துப்போன என் பொண்ணோட பிள்ளைங்க ரெண்டு இருக்கு, அதுங்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்குது. அதையும் பார்த்துக்கோ.”

கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபமே இல்லை. மகளிடம் தாய் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த லுபாபாலோ தலையைத் தூக்கவே இல்லை. தோஸாமா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “சரிம்மா” என்றாள்.

திங்கட்கிழமை புது செட்டர் ஏழாம் நம்பரில் டூல் மாற்றினான், எண்ணைத் தட்டினான், ஓட்டு என்று கையை ஆட்டிவிட்டு நகர்ந்தான். அவள் பச்சையைத் தொடவில்லை.

“தம்பி, நில்லு. இப்போ போட்ட நம்பரை எனக்குக் காட்டு. பார்த்துட்டுத்தான் ஓட்டுவேன்.”

“செட்டர் நானா, நீயா?”

“நீதான்பா.” குரல் நடுங்கியது, அவள் மறைக்கவில்லை. “ஆனா என் சம்பளத்தை நம்பி ரெண்டு வீடு இருக்கு.”