மச்சாளின் கடைசி வரி

என் மேசை லாச்சியில் ஒரு பழைய கசெற் கிடக்கிறது. அதன்மேல் ‘தன்னைக் கண்டவர்கள் – ஐந்து ஒலிநாடகங்கள்’ என்று என் கையெழுத்து. மூன்றாவது நாடகத்தின் முடிவில் ஒரு தகப்பன், “என்ன பிள்ளை, உன்ரை முடிவு என்ன?” என்று மகளிடம் கேட்பார். பதில் வராது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அடுத்த நாடகம் தொடங்கிவிடும். அந்த இடத்தில் றெக்கோடர் மோட்டர் நின்றுவிட்டது என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். நீர்வேலியில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்தால் டைனமோவின் மின்சாரத்தில் றெக்கோடர் ஓடும். எங்கள் வாசிகசாலைக்காக நாடகங்களை எழுதியவன் நான். சத்தம் உள்ளே விழாதபடி வெளியே வாழைகளுக்கு நடுவில் இருந்து மிதித்தவனும் நானே. ஒவ்வொன்றிலும் ஒரு சாதாரண மனிதர் தான் யார் என்று கண்டுகொள்வார். மூன்றாவதில் நடித்தவள் மச்சாள், என் மனைவியின் தங்கை, கணக்கு ஆசிரியை. அவளுக்கு ஜேர்மனியில் ஒரு சம்பந்தம் பேசி, அவளின் தகப்பன், என் மாமா, வாக்கும் கொடுத்திருந்தார். நாடகமும் ஏறக்குறைய அதே கதைதான். மகள் கடைசியில், “உங்கடை விருப்பம்தான் என்ரை விருப்பம், ஐயா” என்று சொல்வதாக எழுதியிருந்தேன். அடங்கிப்போவதைத்தான் தன்னைக் காண்பது என்று எழுதிய படிப்பாளி நான்.

பதிவு செய்த அன்று, தகப்பனாக நடித்த தபாற்காரர் கேள்வியைக் கேட்டார். யன்னலால் மச்சாளின் குரல் வந்தது: “நான் போகேல்லை, ஐயா. எனக்கு இஞ்சை படிப்பிக்கவேணும்.”

என் கால்கள் நின்றுவிட்டன. மாமா சீதனமாகத் தந்த வீட்டில் குடியிருந்தவன் நான். அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம்தான் முதலில் வந்தது.

“மோட்டர் நிண்டு பிழைச்சுப்போச்சு. எழுதினபடி திருப்பிச் சொல்லும்” என்றேன்.

“மோட்டர் நிண்டதோ, உங்கடை கால் நிண்டதோ, அத்தான்?” என்று சிரித்தாள். “நான் சொன்னது சொன்னதுதான்.”

அவள் போனபின் அந்த வரியை அழித்தேன். பதில் இல்லாவிட்டால் மாமா அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார் என்பது என் கணக்கு.

ஒரு ஞாயிறு பின்னேரம் வாசிகசாலை முற்றத்தில் ஊர் கூடியது. மாமா முன்வரிசையில் இருந்தார். நான் களைத்தால் எல்லாக் குரலும் தடித்துப்போகும். “கெதியா மிதியும் மாஸ்ரர், பொம்பிளை ஆம்பிளையாகிறாள்!” என்று ஒருவர் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது நாடகத்தில் கேள்வி வந்தது. பிறகு இரைச்சல். பெண்கள் பக்கத்தில் மச்சாள் எழுந்தாள்.

“நான் போகேல்லை, ஐயா. எனக்கு இஞ்சை படிப்பிக்கவேணும்.”

மாமா திரும்பினார். “இதை வீட்டிலை சொல்லியிருக்கலாமே?”

“எத்தினை தரம் சொன்னனான். நீங்கள் காதிலை விழுத்தேல்லை.”

மாமா சால்வையை உதறித் தோளில் போட்டார். எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். “சரி, இரு. மிச்சத்தையும் கேப்பம்” என்றார்.

“மிதியுங்கோ அத்தான், இன்னும் ரெண்டு நாடகம் கிடக்கு” என்றாள் மச்சாள். என் கால்கள் மறுபடி நின்றிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழும் அவள் கணக்குப் படிப்பித்தாள். அதிபராகி ஓய்வு பெற்றாள். மோட்டரைப் பற்றி என்னிடம் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

போன கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது யாரும் மிதிக்கத் தேவையில்லை, கசெற்றைப் போட்டோம். “ஏன் அம்மப்பா, பதிலைக் காணேல்லை?” என்று பேத்தி கேட்டாள். ‘மோட்டர்’ என்று வாயெடுத்தவன் மச்சாளைப் பார்த்தேன்.

“மோட்டர் நிக்கேல்லை, பிள்ளை. பயத்திலை நான்தான் அழிச்சனான்.”

மச்சாள் கசெற்றைப் பின்னுக்குச் சுற்றினாள். தபாற்காரர் மறுபடி கேட்டார். இரைச்சல் தொடங்கியதும் அவள் தன் வரியைச் சொன்னாள். நான் அழித்த இடத்துக்கு அது அளவாக இருந்தது.