பிசிறு வெட்டிய படம்

எங்கள் ஸ்கேன் சென்டரின் முதலாளி முன்பு பனியன் கம்பெனி நடத்தியவர். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. வாங்க வருகிற பார்ட்டி எடுத்துப் பார்க்கும்போது சரக்கு பளிச்சென்று இருக்க வேண்டும், பிசிறு தெரியக்கூடாது. அவருக்குத் தரம் என்றால் அவ்வளவுதான். சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவதும் துடிக்கிற இருதயத்தின் படத்தில் கைவைப்பதும் ஒன்று என்று நினைக்கிற மனிதரிடம் நான் எக்கோ எடுக்கும் வேலை பார்க்கிறேன். என் தலையெழுத்து.

எக்கோ படம் இயல்பிலேயே பொரிப்பொரியாகத்தான் இருக்கும். ஒலி உடம்புக்குள் மோதித் திரும்பும்போது வருகிற புள்ளிகள் அவை. புது மெஷினில் அதைக் குறைக்க ஒரு வசதி உண்டு. இப்போது வருகிற படத்தோடு சற்று முன் வந்த படங்களையும் கலந்து காட்டும். மாறிக்கொண்டே இருக்கிற புள்ளிகள் கரைந்துவிடும். அசையாமல் கிடக்கிற கல்லீரலுக்கு நல்லதுதான். இருதய வால்வு படபடவென்று அடிப்பது. அதில் ஒட்டிக்கொண்டு வேகமாக ஆடுகிற சின்னப் பொருளும் புள்ளியோடு புள்ளியாகக் கரைந்துபோகும். அதனால் எக்கோவுக்கு அதை அளவாகத்தான் வைக்க வேண்டும். முதலாளியிடம் எத்தனையோ முறை சொன்னேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, படம் பிசிறில்லாம இருந்தாத்தானுங்க பார்ட்டிக்கு நம்ம மேல நம்பிக்கை வரும்?" என்றார். மெஷின் விற்க வந்தவரிடமே சொல்லி, அந்த வசதியை உச்சத்தில் வைத்து நிலையாக அமைத்துக்கொண்டார். நான் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அதைக் குறைத்துக்கொள்வேன்.

நான் லீவில் இருந்த ஒரு நாள், சேவூரிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுபவர். விட்டு விட்டுக் காய்ச்சல்; இருதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஊர் டாக்டர் அனுப்பியிருந்தார். என் இடத்தில் இருந்தவர் மெஷினில் இருந்த அமைப்பிலேயே எடுத்தார். வழுவழுவென்று அழகான படம். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் போய்விட்டது.

காய்ச்சல் நிற்காமல் அவர் மறுபடி வந்தபோது நான் இருந்தேன். எலும்பும் தோலுமாக ஆகியிருந்தார். படங்களைக் கலக்கும் வசதியை அணைத்துவிட்டு எடுத்தேன். பொரிகளுக்கு நடுவே, வால்வின் நுனியில் நூல் துண்டு போல ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. கிருமி சேர்ந்து கட்டிய கட்டி. பழைய பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் லேசான புகை, அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள்.

எங்கள் இருதய டாக்டர் ஒரு முறைதான் பார்த்தார். அது பிய்ந்து மூளைக்குப் போனால் ஆளே இருக்கமாட்டார் என்று சொல்லி, அன்றைக்கே கோயம்புத்தூருக்கு அனுப்பினார். பிறகு முதலாளியிடம் போய்ச் சத்தம் போட்டார். "செட்டிங்கை மாத்திக்கலாமுங்க. வெளிய மட்டும் பேச வேண்டாமுங்க" என்றார் முதலாளி. அந்தப் பெண் என்ன ஆனார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாரக்கணக்கில் மருந்து ஏற்றி அவர் பிழைத்தார். உடம்பு தேறி வேலைக்கும் போக ஆரம்பித்தார். மறுபரிசோதனைக்குக் கம்பெனியிலிருந்து நேராக வந்தார். அன்று காலைதான் வரவேற்பறையில் புது ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'துல்லியம்' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே ஆளுயரத்துக்கு ஓர் எக்கோ படம். அந்த வால்வின் வளைவு எனக்கு மனப்பாடம். புகை இருந்த இடமும் மனப்பாடம்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "எத்தன பளிச்சுன்னு இருக்குதுங்க அக்கா! யாரு படமுங்க இது?"

"உங்களுதுதானுங்க. ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்கல்ல, அந்தப் படம்."

அவர் முகம் மாறியது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். முதலாளி தன் அறையிலிருந்து, "அம்மிணி, என்ன பண்றீங்க?" என்று கத்திக்கொண்டு வந்தார். ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்த நைலான் கயிறு கைக்கு அவிழவில்லை. அந்தப் பெண் தன் பையைத் திறந்து, பிசிறு வெட்டும் குட்டிக் கத்தரியை எடுத்து என்னிடம் நீட்டினார்.